பட்டையப் பாத்து பேரு வைக்காதீங்க, வெட்டு முகத்தப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால ஞாயிறு பேப்பர்ல கோலாலம்பூர் செந்தூல்லேருந்து ஒரு தம்பி படம் போட்டு கேட்டிருந்தாரு. வீட்டுக்குப் பின்னால லோரோங்ல, அதான் சந்துல, நின்ன பெரிய மரத்த வெட்டிட்டாங்க, அடிமரத்துல ஒரே ஒரு வட்டத்த மட்டும் கேட்டு வாங்கி வச்சிருக்கேன், கோப்பி மேசை செய்யணும், இது என்ன மரம்னு யாராச்சும் சொல்லுங்கன்னு. போன வாரம் மூணு பேரு பதில் எழுதியிருந்தாங்க. ஒருத்தரு மெர்பாவ், ஒருத்தரு தேக்கு, இன்னொருத்தரு மகோகனி. மூணு பேருமே நல்ல மனசோட எழுதியிருக்காங்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனா மூணு பேரும் படத்துல தெரிஞ்ச கலரையும் பட்டையையும் வச்சே தீர்ப்பு சொல்லிட்டாங்க. அதுதான் எனக்கு மனசு கேக்கல. ராத்திரி சாப்ட்டு முடிச்சு இத எழுத உக்காந்துட்டேன்.

நான் பினாங்குல பிறைப் பக்கம் மரம் அறுக்குற ஒரு சாமில்ல 31 வருஷம் வேல பாத்தவன். லோரியில கட்டை வந்து எறங்கும்போது கணக்கு எழுதுற வேல, என்ன மரம், எத்தன அடி, எந்தப் பக்கம் சொத்தன்னு. மொத ரெண்டு வருஷம் எனக்கு ஒண்ணுமே புரியல, எல்லாமே செவப்பு மரமாத்தான் தெரிஞ்சுது. எனக்கு சொல்லிக் குடுத்தவரு ஒரு மலாய்க்கார பெரியவரு, நாங்க பாக் ச்சிக், அதான் மாமான்னு, கூப்பிடுவோம். அவரு சட்டப் பையில எப்பவும் ரெண்டு சாமான் இருக்கும், சவர பிளேடு ஒண்ணு, பத்து மடங்கு பெருசாக் காட்ற சின்ன லென்ஸ் ஒண்ணு. கட்டையோட தலப்பக்கத்துல, அதான் குறுக்க வெட்டுன முகத்துல, ஒரு வெரல் அகலத்துக்கு பிளேடால சுத்தமா சீவுவாரு, தண்ணி தொட்டு ஈரமாக்குவாரு, லென்ஸ கண்ணுக்கு ஒட்ட வச்சிக்கிட்டு மரத்துக்கிட்ட குனிவாரு. பத்து செகண்டு. அப்பறம்தான் வாயத் தெறப்பாரு. பட்டையப் பாத்து அவரு பேரு சொல்லி நான் கேட்டதே கெடையாது.

பட்டை பொய் சொல்லுமான்னு கேப்பீங்க. பொய் சொல்லாது, ஆனா வயசுக்குத் தகுந்த மாதிரி மாத்திப் பேசும். சின்ன வயசுல வழவழன்னு இருக்குற மரம் கெழடாகும்போது முதலைத் தோலாட்டம் வெடிச்சுப் போகும். வெயில்ல நின்ன மரத்தோட பட்டை ஒரு மாதிரி, ஆத்தோரம் பாசி புடிச்சு நின்னதோட பட்டை இன்னொரு மாதிரி. பட்டை நல்லா பேசுறது மரம் உசுரோட நிக்கும்போதுதான், அதுவும் பாராங் கத்தியால ஒரு சின்ன வெட்டுப் போட்டுப் பாத்தா. வெள்ளப் பால் வந்தா ரப்பர், பலா, ஜெலுத்தோங், ஏழிலைப்பாலை, இப்டி ஒரு கூட்டம். ரத்தம் மாதிரி செவப்பா வடிஞ்சா அங்சானா, நம்ம ஊரு வேங்கையோட சொந்தக்கார மரம் அது. பட்டையில சின்னச் சின்ன படகு வரிசையா கவுத்து வச்ச மாதிரி வெடிப்பு இருந்தா பெனாகா கூட்டமான்னு யோசிக்கலாம். கடலோரத்துல வளர்ற பெனாகாதான் நம்ம புன்னை மரம். இந்த ஜார்ஜ் டவுன் முனைக்கு வெள்ளக்காரன் 1786ல வந்து எறங்குறதுக்கு முன்னாடி தஞ்சோங் பெனாகான்னு பேரு, அப்டின்னா புன்னைமுனைன்னு நாம சொல்லிக்கலாம். எங்க ஜெலுத்தோங்கும் மரத்துப் பேருதான், சுங்கை நிபோங்கும் மரத்துப் பேருதான், பினாங்குங்கிறதே பாக்கு மரம், அந்தத் தம்பி குடியிருக்குற செந்தூலும் ஒரு பழ மரம். மரத்துப் பேருலயே குடியிருந்துக்கிட்டு மரத்த அடையாளம் தெரியாம இருக்கோமேங்கிறது எனக்கு ரொம்ப நாளா இருக்குற வருத்தம்.

இங்க ஒரு எச்சரிக்கைய சொல்லியே ஆகணும். தெரியாத மரத்துப் பட்டைய வெட்டிப் பாக்குறதுன்னா ரெங்காஸ் மரத்த நெனப்புல வச்சிக்கங்க. அதோட பால் காத்து பட்டா கறுப்பாகும், தோல்ல பட்டா கொப்புளம் போட்டு வீங்கிரும். மாமரம், முந்திரி மரம் குடும்பந்தான் அது, முந்திரிக்கொட்டை ஓட்டுல இருக்குற எண்ணெ பட்டா புண்ணாகுதில்ல, அதே சங்கதி. எங்க மில்லுல ஒரு பையன் ரெங்காஸ் கட்டைய தோள்ல தூக்கிட்டுப் போனான், மறுநாள் மூஞ்சி எது கண்ணு எதுன்னு தெரியாம வீங்கிப் போயி ஒரு வாரம் வேலைக்கே வரல. அறுத்துப் பாத்தா உள்ள செவப்புல கறுப்பு வரி ஓடி அவ்ளோ அழகா இருக்கும் அந்த மரம். அதனால பட்டையில கறுப்பா கறை வடிஞ்சு காஞ்சிருந்தா கை வைக்காதீங்க, கறுப்பு கறை உள்ள எல்லாமே ரெங்காஸ் இல்லதான், இருந்தாலும் வேணாம்.

சரி, வெட்டு முகத்துக்கு வரேன். பலகையோட நீள முகத்துல தெரியுற வரிய, ரேகைய, எல்லாரும் பாப்பாங்க, அது அழகுக்கு. பேரு எழுதியிருக்குறது குறுக்கு வெட்டுல. லென்ஸுல பாத்தா மொதல்ல தெரியுறது துளைங்க. மரம் வேர்லேருந்து தண்ணி ஏத்துன குழாயோட வாய் அது. துளையே இல்லன்னா பைன் மாதிரி ஊசி இலை மரம், சாமான் வர்ற பெட்டிப் பலகை நெறைய அதான். துளை இருந்தா அது எப்டி பரவியிருக்குன்னு பாக்கணும். தேக்குல பெரிய துளைங்க வளையம் வளையமா வரிசை கட்டி நிக்கும், ஏன்னா தேக்கு வறட்சி காலம் உள்ள நாட்டு மரம், வருஷம் ஒரு தடவ தூங்கி எந்திரிக்கும். நம்ம காட்டு மரங்களுக்கு வருஷம் பூரா மழை, அதனால பெரும்பாலும் வளையமே தெளிவா இருக்காது, வளையத்த எண்ணி வயசு சொல்றேன்னு இங்க யாராச்சும் சொன்னா நம்ப வேணாம்.

மெராந்தியா இருந்தா வெட்டு முகத்துல சாக்பீஸால கோடு போட்ட மாதிரி வெள்ள வெள்ளயா நீளமா வளைஞ்ச கோடு தெரியும், அது குங்கிலியப் பால் ஓடுற குழாய்ங்க வரிசையா நிக்கிறது. கெருயிங்ல அந்தக் குழாய் தனித்தனியாவோ ரெண்டு மூணு சேந்தோ நிக்கும், வெயில்ல வச்சா பிசுபிசுன்னு எண்ணெ கக்கும். காப்பூர் மரத்த புதுசா அறுத்தா கற்பூர வாசன வரும், பேரே அதான். மெர்பாவ்ல துளைக்குள்ள கந்தகப் பொடி மாதிரி மஞ்சளா அடைச்சிருக்கும், நீள முகத்துல அது மஞ்ச கோடாவே தெரியும், அதோட மெர்பாவ் பலகை மழையில நனைஞ்சா தேத்தண்ணி மாதிரி சாயம் எறங்கி சிமெண்டு தரையெல்லாம் கறையாக்கும், வீட்டுக்கு மெர்பாவ் படி போட்டவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும். அங்சானாவுக்கு ஒரு பரீட்ச இருக்கு, எம்பேத்திக்கு செஞ்சு காட்டுனேன். அந்த மரத்துச் சீவல கண்ணாடி கிளாஸ் தண்ணியில போட்டு ஒரு மணி நேரம் வச்சு, பின்னால கறுப்புத் துணி புடிச்சு வெயில்ல பாத்தா தண்ணி நீலமா மின்னும். தாத்தா இங்க் ஊத்துனீங்களான்னு மூணு தடவ கேட்டா. ஐரோப்பாவுல முன்னூறு நானூறு வருஷத்துக்கு முன்ன இந்தத் தண்ணி சிறுநீரகத்துக்கு மருந்துன்னு நம்பி அந்த மரத்துல கடைஞ்ச கப்ப ராஜாக்களுக்குக் குடுத்திருக்காங்க.

ரப்பர் மரத்தப் பத்தி தனியா சொல்லணும். நம்ம தாத்தா பாட்டி தெனம் விடியக்காலையில தோல சீவி சீவி வாழ்ந்த மரம், ஆனா அந்தப் பலகைய கடையில பாத்தா நம்மள்ல பத்துல ஒருத்தருக்குக் கூட அடையாளம் தெரியறதில்ல. பால் கொறஞ்சு போயி 25, 30 வருஷத்துல வெட்டுன மரத்த ஒரு காலத்துல வெறும் வெறகாத்தான் எரிச்சாங்க. பூச்சியும் நீலப் பூஞ்சையும் சீக்கிரம் புடிக்கும்ங்கிறதால. போரான் மருந்துல ஊற வச்சு காய வைக்கிற வேல சரியா வந்த பெறகு, 1980கள்லேருந்து நம்ம நாட்டு மேசை நாற்காலி வெளிநாட்டுக்குப் போறதுல பெரிய பங்கு அந்த மரத்துக்குத்தான். வெளிர் மஞ்சளா வைக்கோல் நெறத்துல இருக்கும், வெட்டு முகத்துல லென்ஸ் வச்சா துளைங்களுக்கு நடுவுல மெல்லிசா மீன் வலை விரிச்ச மாதிரி தெரியும். அடுத்த தடவ சாப்பாட்டு மேசை வாங்கப் போனா அடிப்பக்கம் குனிஞ்சு பாருங்க. பாட்டி தொட்ட மரமா இருக்கலாம்.

இன்னொண்ணு, தென்னை, பாக்கு, நிபோங் இதெல்லாம் வெட்டுனா வெளிப்பக்கம் கெட்டி, உள்ள சோறு மாதிரி மெது. வெட்டு முகம் பூரா புள்ளி புள்ளியா இருக்கும். மத்த மரத்துக்கு உள்ளதான் வைரம், வெளிய வெளிறு. தொல்காப்பியத்துலயே இத பிரிச்சு வச்சிட்டாங்க, வெளிய வைரம் உள்ளது புல்லு, உள்ள வைரம் உள்ளதுதான் மரம்னு. இன்னக்கி செடி நூல் படிச்சவங்களும் தென்னை, மூங்கில், புல் எல்லாத்தையும் ஒரே பெரிய பிரிவுலதான் வைக்கிறாங்க. இத பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரு ஒரு தென்னங்கட்டையையும் ஒரு பலாக்கட்டையையும் கையில வச்சிக்கிட்டு சொன்னா பிள்ளைங்க சாகுற வரைக்கும் மறக்காதுங்க.

இதெல்லாம் ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா எங்க கோயில் கதை அப்டி. நான் பொறந்த எஸ்டேட் தோட்டம் வீட்டு மனைக்காக வித்துப் போச்சு, லயத்து வீடெல்லாம் ஒடச்சாங்க, கோயில வேற எடத்துக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. மண்டபத்துல நாலு மரத்தூண். என் தாத்தா காலத்துல நட்டது, வருஷா வருஷம் திருவிழாவுக்கு மஞ்சளும் செவப்புமா பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு மரமே தெரியாது. பழைய மரம் வாங்குற ஒரு ஆள் லோரியோட வந்தாரு. ஒரு எடத்துல சொரண்டிப் பாத்துட்டு, சாதா மெராந்தி, அதுவும் பூச்சி அரிச்சு ஓட்ட ஓட்டயா இருக்கு பாருங்க, நாலுக்கும் சேத்து 200 வெள்ளி (ரிங்கிட்) தரேன், எடுத்துட்டுப் போற கூலி என்னுதுன்னாரு. கமிட்டிக்காரங்க சரின்னு தலையாட்டிட்டாங்க, பாவம் அவங்களுக்குப் பணம் வேண்டியிருந்துச்சு. நான் அன்னக்கி தற்செயலா அங்க போனேன். தூணோட அடிப்பக்கம் மண்ணுல அத்தன வருஷம் நின்ன மரம், உக்கவே இல்ல. அதுவே எனக்கு ஒரு மாதிரி பட்டுச்சு. மெராந்தி மண்ணுல நின்னா அத்தன வருஷம் தாங்குமா.

பிளேடு எடுத்து அடியில சீவுனேன். பிளேடு வழுக்குது, அவ்ளோ கெட்டி. ஈரமாக்கி லென்ஸ் வச்சா மெராந்தியோட அந்த சாக்பீஸ் கோடு வரிசை வரிசையா இல்ல. ரொம்ப நைசான மரம், துளையெல்லாம் உள்ள அடைச்சுப் போயி மினுங்குது. அவரு காட்டுன ஓட்டைங்க குண்டூசி குத்துன மாதிரி சின்னது, ஓரம் கறுத்துப் போயிருக்கு, அதச் சுத்தி பொடியே இல்ல. பூச்சி இப்ப அரிச்சா மாவு கொட்டும். இது மரம் பச்சையா இருந்தப்பவே குத்துன ஓட்டை, மரம் காஞ்சதும் அந்தப் பூச்சி செத்துப் போயிரும். செங்கால் மரத்துல இந்த ஊசி ஓட்ட சர்வ சாதாரணம், இத வச்சே செங்காலோன்னு பாக் ச்சிக் மொதல்ல சந்தேகப்படுவாரு. பேர செங்கல்னு படிச்சிராதீங்க, செங்கால், திரெங்கானுவுல படகு கட்டுற மரம். ஒரு துண்ட வாளித் தண்ணியில போட்டேன், மெதந்துச்சு, ஆனா உச்சி மட்டும் நூல் அளவுக்கு வெளிய தெரிஞ்சுது. செங்கால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல வரும், தண்ணி 1000 கிலோ, அந்த வித்தியாசந்தான் வெளிய தெரிஞ்ச நூல். இந்த வாளிப் பரீட்ச காஞ்ச மரத்துக்கு மட்டுந்தான் செல்லும், புதுசா வெட்டுன மரம் தண்ணி குடிச்சிருக்கும், எலேசான மரம் கூட முழுகிப் போகலாம்.

நான் சொன்னா கமிட்டி நம்பணுமில்ல. அதனால ஒரு துண்ட கெப்போங்குக்கு அனுப்பச் சொன்னேன். அங்க காட்டு ஆராய்ச்சிக் கழகம், ஃபிரிம்னு சொல்லுவாங்க, 1929ல ஈயம் தோண்டி பாழாப் போன நெலத்துல ஆரம்பிச்சு காடா வளத்த எடம், 2025ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய எடம்னு சேத்துக்கிட்டாங்க. அவங்ககிட்ட பேரு எழுதி வச்ச மரத்துண்டு அடுக்கடுக்கா இருக்கு. இந்த மாதிரி எடத்துல மரத்த மெதுவாக்கி, வெங்காயத் தோல விட மெல்லிசா மூணு பக்கமும் சீவி, மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. குறுக்கு முகம் ஒண்ணு, நடுவுலேருந்து வெளிய போற முகம் ஒண்ணு, பட்டைக்கு இணையா போற முகம் ஒண்ணு. மூணையும் பாத்தாத்தான் சாட்சி முழுசாகும். பதில் செங்கால்னே வந்துச்சு. தூண விக்கல. நாலையும் பெயிண்ட் சொரண்டி, புதுக் கோயில்ல கருவறை வாசக்காலா ரெண்டு, முன் மண்டபத்துல ரெண்டுன்னு வச்சாச்சு. எங்க அம்மா போய் அந்தத் தூணத் தொட்டு ரொம்ப நேரம் நின்னுச்சு. கலர மட்டும் பாத்து அன்னக்கி விட்டிருந்தா அது எங்கயோ ஒரு ரெஸ்டாரண்ட்ல மேசையா போயிருக்கும்.

இப்ப செந்தூல் தம்பிக்கு வரேன். தம்பி, நீங்க எழுதுனத நாலு தடவ படிச்சேன். பட்டை சாம்பல் கறுப்பு, தக்கை மாதிரி கட்டம் கட்டமா வெடிச்சிருக்கு. உள்ள சாக்லேட் கலரு, ஓரத்துல ரெண்டு வெரல் அகலத்துக்கு வெண்மஞ்ச வளையம், ரெண்டுக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி எல்லை. அதோட, சாயந்தரமானா எல நெழலே இருக்காதுன்னு உங்க அப்பா சொல்லுவாருன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க, பதில் எழுதுன மூணு பேரும் அந்த வரிய விட்டுட்டாங்க. எல மடிச்சுத் தூங்குற மரம் அது. மலாய்க்காரங்க புக்குல் லீமாம்பாங்க, அஞ்சு மணி மரம், நாம தூங்குமூஞ்சி. என் கணிப்பு அதுதான், ஆனா கணிப்பு மட்டுந்தான், நீங்களே பரீட்ச பண்ணிப் பாருங்க. தூங்குமூஞ்சின்னா வெட்டு முகத்துல துளை பெருசு, லென்ஸ் இல்லாமயே தெரியும், ஒவ்வொரு துளையையும் சுத்தி வெளுத்த வட்டம் கண்ணுக்கு மை தீட்டுன மாதிரி இருக்கும். மெர்பாவோட மஞ்சப் பொடி இருக்காது. தேக்கோட தோல் செருப்பு வாசனையும் எண்ணெப்பசையும் இருக்காது. கனமும் பாருங்க, நல்லா காஞ்ச பெறகு தூங்குமூஞ்சி ஒரு கன மீட்டர் சுமாரா 500, 600 கிலோ, மெர்பாவ் 800 கிட்ட. பக்கத்து வீட்டுப் பெரியவங்ககிட்ட கீழ என்ன காய் விழும்னு கேளுங்க. கறுப்பா தட்டையா உள்ள இனிப்புப் பிசினோட நீளக் காயின்னா தூங்குமூஞ்சி. கை முட்டி மாதிரி கட்டைக் காய் வெடிச்சு ரெக்கை வச்ச விதை சுத்திக்கிட்டு விழும்னா மகோகனி, அப்ப அந்த மூணாவது அண்ணன் சொன்னது சரி, நான் தப்பு.

ஆசிரியர் ஐயா, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனிமே யாராச்சும் மரப் படம் அனுப்புனா, பட்டை ஒரு படம், நீள முகம் ஒரு படம், பிளேடால சீவி ஈரமாக்குன வெட்டு முகம் கிட்ட புடிச்சு ஒரு படம், இந்த மூணும் கேட்டு வாங்கிப் போடுங்க. போன்ல லென்ஸ ஒட்ட வச்சு எடுத்தாலே போதும், எம்பேத்தி எடுக்குறா. அதோட தோட்டத்துல ஆசாரி வேல, மரம் அறுக்குற வேல பாத்த பெரியவங்க இன்னும் கொஞ்ச பேரு இருக்காங்க. அவங்க காட்டு மரங்களுக்கு வச்ச தமிழ்ப் பேரு எந்த நோட்டுலயும் எழுதி வைக்கல. அவங்க யாராச்சும் இத படிச்சா, ஒரு மரம் ஒரு பேருன்னாலும் பரவால்ல, உங்க பேப்பருக்கு எழுதணும்.

தம்பி, கடைசியா அவசரமா ஒண்ணு. அந்த வட்டத்த வெயில்ல வச்சிருந்தா இப்பவே உள்ள எடுங்க. ரெண்டு வெட்டு முகத்துக்கும் மெழுகோ மிச்சமிருக்குற பெயிண்டோ கனமா அடிச்சு, அடியில ரெண்டு கட்டைய குடுத்து நெழல்ல படுக்க வைங்க, காத்து போகணும். ஒரு ஓரத்துல மட்டும் பெயிண்ட் அடிக்காம ரெண்டு வெரல் எடம் விடுங்க, பிளேடு போட்டுப் பாக்க.

அன்புடன்,
பழைய சாமில் கணக்கன்,
ஜெலுத்தோங், பினாங்கு.